அங்கி ஆப்புல 1,380 கார்டு ரிவியூவுக்கு சேந்து நிக்குது, டிசம்பர்ல ஜப்பானிய மொழி என்4 பரீட்சை. எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கவா?

பிறை_ஷிப்ட்காரன் | புதன், ராத்திரி 11:48

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டுப் போற ஆளு நான், இன்னிக்கிதான் மொத தடவ எழுதுறேன், நீளமா போச்சுனா மன்னிச்சிக்குங்க.

நான் இருக்குறது பினாங்குல, பிறை பக்கம், வேலை பாயான் லெப்பாஸ்ல ஒரு ஜப்பான் கம்பெனி, மெஷின் மெயின்டெனன்ஸ். மேனுவல் பாதி ஜப்பானிய மொழில வரும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ அங்கேர்ந்து ஒரு இஞ்சினியர் வருவாரு, அவரு பேச பேச நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிப்போம். என்4 (அந்த பரீட்சைல கீழேர்ந்து ரெண்டாவது படி) பாஸ் பண்ணிட்டா அங்க ட்ரெய்னிங்குக்கு பேரு குடுக்குறேன்னு சூப்பர்வைசர் சொன்னதுலேர்ந்து ஆரம்பிச்சது இந்த பைத்தியம்.

வகுப்பு சனிக்கிழமை மட்டும்தான். மத்த நாள் எல்லாம் அங்கிதான், முன்னாடி சொல்லு, பின்னாடி அர்த்தம்னு கார்டு காட்டி, மறக்குற நேரம் பாத்து திரும்பக் கொண்டு வர்ற ஆப்பு. ஆண்ட்ராய்டு போன்ல காசு இல்லாம கெடைக்குது, கம்பெனி பஸ்ல பாலம் தாண்டி போக வர ஒன்றரை மணி நேரம், ஜாம் ஆனா ரெண்டு மணி நேரம் கூட ஆகும், அதுல தட்டிட்டே வருவேன். தெனம் புது கார்டு 20. ஞாபகம் நல்லா நிக்கட்டும்னு அந்த ரிடென்ஷன் நம்பர 97-ல வச்சிருக்கேன். நாலு மாசம் ஒழுங்கா போச்சு லா. அப்பறம் அக்கா கல்யாணம், சுங்கைப்பட்டாணில வூடு, பந்தல் போடுறதுலேர்ந்து மாப்ள வூட்டு ஆளுங்கள ஏத்தி எறக்குற வரைக்கும் எல்லாம் என் தலைல, மூணு வாரம் ஆப்ப தொறக்கவே இல்ல. நேத்து தொறந்தா 1,380. பாத்த ஒடனே மூடிட்டேன்.

என் கேள்வி:

இத அழிச்சிட்டு புதுசா ஆரம்பிச்சா நல்லதா, இல்ல ஒக்காந்து அடிச்சி முடிக்கணுமா?

இன்னொண்ணு, சில சொல்லு எத்தன தடவ வந்தாலும் மண்டைல நிக்க மாட்டேங்குது. தொமரு தொமெரு, கவரு கஎரு, அத்சுமரு அத்சுமெரு, மவரு மவசு, இதெல்லாம். கார்டு பின்னாடி பாத்தா ரெண்டுக்கும் ஸ்டாப் ஸ்டாப், சேஞ்ச் சேஞ்ச்னு ஒண்ணாதான் போட்டிருக்கு, பின்ன எப்டி பிரிக்கிறது? தெரியலனா பல தடவ ஹார்ட் பட்டன அழுத்திட்டு போயிடுவேன், அகெய்ன் பட்டன அழுத்துனா ஒரு நிமிஷத்துல மறுபடி வந்து நிக்குது, கடுப்பாகுது.

கடைசியா காஞ்சி, ஜப்பானிய மொழில வர்ற அந்த சீன எழுத்து. (எங்கம்மா "என்னடா தெனம் கஞ்சி கஞ்சிங்குற, வயிறு சரியில்லையா"ங்குறாங்க.) என்கூட இருக்குற சீன பையன் படிக்காமலே பாத்த ஒடனே அர்த்தம் சொல்றான், பொறாமையா இருக்கு. தமிழ்ப்பள்ளிலேர்ந்து வந்தவன் என்ன பண்றது?

---

தேதாரிக்_சீனி_கம்மி | புதன், ராத்திரி 11:59

கல்யாணத்துக்கு வந்த மொய்ய எண்ணி முடிச்சீங்கல்ல, 1,380 கார்டு என்னா பெரிய விஷயம். சும்மா சொன்னேன் லா, பெரியவங்க வருவாங்க, இருங்க.

---

நம்பர்_நாட்டாமை | வியாழன், ராத்திரி 12:31

ப்ரோ, அழிக்காதீங்க. நாலு மாசமா நீங்க அழுத்துன ஒவ்வொரு பட்டனும் அதுக்குள்ள பதிவா இருக்கு, அதுதான் சொத்து.

மொதல்ல அந்த 97. அது என்னா சொல்லுதுன்னா, கார்டு உங்க முன்னாடி வர்ற நேரத்துல 100க்கு 97 ஞாபகம் இருக்கணும்னு நீங்க ஆப்புக்கு கட்டளை போட்டிருக்கீங்க. அது பாவம் என்ன பண்ணும், மறக்குறதுக்கு முன்னாடி, ரொம்ப முன்னாடி, திரும்பத் திரும்ப கொண்டு வந்து காட்டும். நாம மாத்தாத வரைக்கும் ஆப்புல இருக்குற அளவு 90. தொண்ணூறுலேர்ந்து மேல ஏத்த ஏத்த ஞாபகம் கொஞ்சம்தான் கூடும், வேலை மட்டும் எக்கச்சக்கமா கூடும். 90-க்கு எறக்குங்க. எறக்குன ஒடனே பழைய கார்டோட தேதி மாறாது, அடுத்த தடவ அந்த கார்ட பாக்கும்போதுதான் புது கணக்கு பிடிக்கும், அதனால மாத்திட்டு ஒண்ணுமே நடக்கலியேன்னு பயப்படாதீங்க.

ரெண்டாவது, இதுதான் பெரிய தப்பு, தெரியலனா ஹார்ட் அழுத்துறது. ஹார்ட்னா "கஷ்டப்பட்டேன், ஆனா சொல்லிட்டேன்". மறந்துட்டேன்னா அகெய்ன் மட்டும்தான். நீங்க மறந்த கார்டுக்கெல்லாம் ஹார்ட் குடுத்தா, ஆப்பு உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கிட்டு பத்து நாள் கழிச்சி கொண்டு வரும், அப்பவும் தெரியாது, மறுபடி ஹார்ட். இது, கார்டு எப்ப வரணும்னு கணக்கு போடுற பழைய எஸ்எம்-2 முறையா இருந்தாலும் கெடுதல், ஆனா நீங்க ரிடென்ஷன் நம்பர்னு சொல்றத பாத்தா எஃப்எஸ்ஆர்எஸ்ங்குற புது முறைய ஆன் பண்ணியிருக்கீங்க, அது 2023ல வந்த 23.10 பதிப்புலேர்ந்து அங்கிக்குள்ளயே இருக்கு, அது முழுக்க உங்க பழைய பதில வச்சிதான் கணக்கு போடுது. பொய் சொன்னா பொய்க்கணக்குதான் வரும். டாக்டர்கிட்ட சாப்பாட்டுல சீனியே போடுறதில்லன்னு சொல்ற கதைதான்.

மூணாவது, கடன அடைக்கிற விதம். புது கார்டு 0. முழுசா 0, "அஞ்சு மட்டும்"லாம் வேணாம். ஒரு நாளைக்கு ரிவியூ 150னு வரம்பு போடுங்க. வரிசை எப்டினு ஒரு செட்டிங் இருக்கும், அதுல டிசெண்டிங் ரிட்ரீவபிலிட்டினு ஒண்ணு, அத போடுங்க. இன்னும் மண்டைல மிச்சம் இருக்குற கார்டு மொதல்ல வரும். கேக்க தலைகீழா இருக்கும், மறந்தத தானே மொதல்ல பாக்கணும்னு தோணும், ஆனா யோசிங்க, முழுசா போனது இன்னும் ஒரு வாரம் காத்திருந்தா பெருசா ஒண்ணும் ஆகாது, போகப் போற நெலைல இருக்குறத இன்னிக்கி பிடிக்கலனா அதுவும் போயிடும். ஈரத்துணி காயுற நேரத்துல மழ வந்தா எத மொதல்ல எடுப்பீங்க, பாதி காஞ்சதத்தானே.

1,380 வகுத்தல் 150, ஒம்பது பத்து நாள்னு கணக்கு வரும். அப்டி முடியாது, இன்னிக்கி பாத்ததும் நடுவுல திரும்பி வரும். மூணு வாரம் வச்சிக்குங்க.

முடிஞ்ச பெறகு புது கார்டு 20 வேணாம், 8 போதும். ஒரு புது கார்டுக்கு தெனம் ஏழு எட்டு ரிவியூ வரும்னு தோராயமா சொல்லுவாங்க, 20 போட்டா தெனம் 150 தாண்டும், ஷிப்ட் வேலைல அது ஆகாது.

---

நெக்கோ_அக்கா_கேஎல் | வியாழன், காலை 7:20

கேடிஎம்ல ஒக்காந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா விட்டுருங்க.

நாட்டாமை சொன்ன செட்டிங் எல்லாம் சரி. ஆனா தம்பி, நான் உங்க ரெண்டாவது கேள்விய படிச்சிட்டு டிரெயின்லயே சிரிச்சிட்டேன், ஏன்னா பதில நீங்களே எழுதியிருக்கீங்க. "ரெண்டுக்கும் ஸ்டாப் ஸ்டாப்னு போட்டிருக்கு." அதான் வியாதி. உங்க ஞாபக சக்திக்கு ஒரு கொறையும் இல்ல, கார்டு பின்னாடி தப்பான மொழி இருக்கு.

தொமரு, தொமெரு. இங்கிலீஷ்ல ரெண்டும் ஸ்டாப். தமிழ்ல? நில்லு, நிறுத்து. கவரு, கஎரு: மாறு, மாத்து. அத்சுமரு, அத்சுமெரு: கூடு, கூட்டு. மவரு, மவசு: சுத்து, சுத்தி விடு, இல்ல திரும்பு, திருப்பு. தானா நடக்குறதுக்கு ஒரு சொல்லு, ஒருத்தர் செய்யுறதுக்கு இன்னொரு சொல்லு, பள்ளிக்கூடத்துல தன்வினை பிறவினைனு படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க, ஆனா வாய் மறக்கல. உங்க அம்மாகிட்ட யாராவது "நான் பஸ்ஸ நின்னேன்"னு சொன்னா சிரிப்பாங்கல்ல? அந்த காதுதான் ஜப்பானிய மொழிக்கு வேணும். அது உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, நீங்க அத மூடி வச்சிட்டு இங்கிலீஷ் வழியா சுத்திப் போறீங்க, பிறைலேர்ந்து பட்டர்வொர்த்து போக தைப்பிங் வழியா போற மாதிரி.

உங்க வேலையவே எடுத்துக்குங்க. "கிகை கா தொமத்தா", மெஷின் நின்னுச்சு. "கிகை ஓ தொமெதா", மெஷின நிறுத்துனேன். அந்த "ஓ" இருக்கே, அதுதான் நம்ம ஐ வேற்றுமை, மெஷின்-அ. இப்ப அந்த இஞ்சினியர் வந்து கேக்குற மொத கேள்வியே அதானே, தானா நின்னுச்சா, நீங்க நிறுத்துனீங்களா? ஒண்ணு ரெண்டு எழுத்து மாறுனா ரிப்போர்ட்டே மாறிப் போயிடும். அதுக்கு பின்னாடி "ஸ்டாப்"னு எழுதி வச்சா எப்டி நிக்கும்?

அதனால தகராறு பண்ற கார்டுக்கு மட்டும் நீங்களே வாக்கியம் போடுங்க, உங்க கிலாங்ல (ஃபேக்டரில) நடக்குற வாக்கியம். நெஜி கா யுருந்தா, ஸ்க்ரூ தளந்துருச்சு. நெஜி ஓ யுருமெதா, ஸ்க்ரூவ தளத்துனேன். கொவரெதா, உடஞ்சிருச்சு, கொவஷிதா, உடச்சிட்டேன் (இத நல்லா படிச்சி வச்சிக்குங்க, மாத்தி சொன்னா சம்பளத்துல பிடிப்பாங்க). எல்லாத்துக்கும் இப்டி அமையாது, கதவு தொறக்குறது, கதவ தொறக்குறது, நமக்கும் ஒரே சொல்லுதான், அங்க அகு, அகெரு. அந்த மாதிரி இடத்துல "தானா தொறந்துச்சு"னு போட்டுக்குங்க.

இன்னும் இருக்கு, ஆபீஸ் வந்துட்டேன், மத்தியானம் எழுதுறேன்.

---

தமிழ்_சிங்கம்_கிள்ளான் | வியாழன், காலை 9:05

இதத்தான் நான் பல வருஷமா சொல்றேன்!! ஜப்பானிய மொழியே தமிழ்லேர்ந்து போனதுதான். ஒரு பெரிய ஜப்பான் பேராசிரியரே நிரூபிச்சிருக்காரு. "இரு"ன்னா அங்கயும் இருக்குறதுதான்!!

---

நெக்கோ_அக்கா_கேஎல் | வியாழன், மத்தியானம் 1:10

சிங்கம் அண்ணே, நீங்க சொல்றது ஒனோ சுசுமு. பெரிய ஆளுதான், பழைய ஜப்பானிய மொழில கரைகண்டவரு, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் ஒறவு இருக்குனு பல வருஷம் எழுதுனாரு, 2008ல எறந்துட்டாரு. ஆனா நிரூபிச்சாருன்னு சொல்ல முடியாது, பெரும்பாலான மொழியியல் ஆளுங்க ஏத்துக்கல. "இரு" ஒண்ணா இருக்குறது தற்செயல்தான், ஒரு சொல்ல வச்சி சொந்தம் கொண்டாட முடியாது.

ஆனா படிக்கிறவனுக்கு சொந்தமா இல்லியாங்குறது முக்கியமில்ல, வாக்கிய நடை ஒண்ணா இருக்குங்குறது லாபம். அத விட்டுட்டு சண்ட போட வேணாம். பாருங்க தம்பி, இங்க எல்லாரும் வாசிக்கணும்னு தமிழ் எழுத்துல போடுறேன்:

தபெதெ மிரு. சாப்ட்டு பாரு. "மிரு"ன்னா பாக்குறது. சாப்ட்டு "பாரு"னு நாம எதுக்கு சொல்றோமோ அதே அர்த்தம், கண்ணால பாக்குறது இல்ல.
ஷிதெ ஒகு. செஞ்சி வை. ஒகுன்னா வைக்கிறது.
மொத்தெ குரு, மொத்தெ இகு. எடுத்துட்டு வா, எடுத்துட்டு போ.
யோந்தெ இரு. படிச்சிட்டு இருக்கேன்.
வசுரெதெ ஷிமத்தா. மறந்துட்டேன். மறந்து விட்டேன்ல அந்த "விட்டேன்" என்ன வேலை செய்யுதோ, ஐயோ போச்சேங்குற அந்த தொனியோட, ஷிமத்தாவும் அதே வேலை.

வகுப்புல இங்கிலீஷ்ல இத சொல்லிக் குடுக்க வாத்தியாருக்கு ஒரு பக்கம் வெளக்கம் வேணும். நமக்கு ஒரு வரி. நான் என்4 படிக்கும்போது இது தெரியாம ஒரு வருஷம் இங்கிலீஷ் வழியாவே மண்டைய ஒடச்சிக்கிட்டேன், என்3க்கு அப்பறம்தான் கார்டு எல்லாத்தையும் தமிழுக்கு மாத்துனேன், அதுலேர்ந்து இலக்கணம்னு தனியா படிச்ச ஞாபகமே இல்ல.

காஞ்சி விஷயம். சீன பையன பாத்து பொறாமப்படாதீங்க, அவனுக்கும் குழி இருக்கு. ஜப்பானிய மொழில கடிதத்துக்கு, தெகமி, எழுதுற ரெண்டு எழுத்தையும் அவன்கிட்ட காட்டுங்க, டாய்லெட் பேப்பர்னு சொல்லுவான். அர்த்தம் பாதி எடத்துல கை குடுக்கும், எப்டி வாசிக்கிறதுங்குறது அவனும் ஒங்கள மாதிரி மனப்பாடம்தான். அந்த அங்கிங்குற பேருக்கே ஜப்பானிய மொழில மனப்பாடம்னுதான் அர்த்தம். நமக்கு அங்கினா போத்திக்கிற துணி.

தனி எழுத்தா காஞ்சிக்கு கார்டு போடாதீங்க. ஒரே எழுத்துக்கு நாலஞ்சு வாசிப்பு இருக்கும், அத வரிசையா ஒப்பிக்கிறது எதுக்கும் ஒதவாது. சொல்லோட சேத்து போடுங்க. பரீட்சைல எழுதவே வேணாம், என்5லேர்ந்து என்1 வரைக்கும் எல்லாமே பதில தேர்ந்தெடுக்குறதுதான், பேசுறதும் கெடையாது. அதனால பாத்தா தெரியணும், அவ்ளோதான்.

---

நம்பர்_நாட்டாமை | வியாழன், மத்தியானம் 2:02

அக்கா ஒரு இடத்துல ஒத்துக்க மாட்டேன். எல்லா கார்டையும் சொந்தமா போட ஆரம்பிச்சா டிசம்பர்ல அவரு கார்டு போட்டுட்டேதான் இருப்பாரு. நான் பாத்திருக்கேன், கார்டுக்கு கலர் கொடுக்குறது, படம் தேடுறது, எழுத்து சைஸ் மாத்துறது, இதுலயே மாசம் ஓடிப் போயிடும், படிச்ச மாதிரியே ஒரு திருப்தி வேற. மொத 1,500 சொல்லுக்கு சத்தத்தோட இருக்குற ரெடிமேட் டெக் (கார்டு கட்டு) போதும்.

---

நெக்கோ_அக்கா_கேஎல் | வியாழன், மத்தியானம் 2:15

சரி சரி, எல்லாத்தையும்னு நான் சொல்லல, தகராறு பண்றத மட்டும்தான். தொந்தரவு இல்லாம நிக்கிற கார்டுல கை வைக்க வேணாம். நாற்காலிக்கு சேர்னு இருந்தா என்ன, நாற்காலினு இருந்தா என்ன.

எது தகராறுனு ஆப்பே சொல்லும். நல்லா படிச்ச கார்ட எட்டு தடவ மறந்தா லீச்னு ஒரு முத்திரை குத்திடும். லீச்னா அட்டை. அட்டைக்குள்ள ஒரு அட்டை, எங்க பாட்டி தோட்டத்துல கால்ல ஏறுன அட்டைக்கு உப்பு தடவுவாங்க, இதுக்கு தமிழ் தடவுங்க. கார்டு வகைல தமிழ்னு புதுசா ஒரு ஃபீல்டு சேத்துட்டு, லீச் மட்டும் தேடி எடுத்து அதுல ஒரு வரி எழுதுங்க. ஒரு நாளைக்கு அஞ்சு, அதுக்கு மேல வேணாம், நாட்டாமை கோச்சிக்குவாரு.

---

பழைய_பேட்டரி | வியாழன், ராத்திரி 8:40

எல்லாத்தையும் படித்தேன். தம்பிக்கு என் வாழ்த்து. எனக்கு 60 தாண்டிவிட்டது, அந்தக் காலத்தில், ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று நம் அரசாங்கம் சொன்ன கிழக்கு நோக்கும் கொள்கை 1982ல் வந்ததே, அதற்குப் பிறகு நாலைந்து வருஷத்தில் பயிற்சிக்குப் போன பசங்களில் நானும் ஒருவன். ஒசாக்கா பக்கம். ஆப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது. பிஸ்கட் டின் அஞ்சு வைத்திருந்தேன். கலண்டர் பின்பக்கத்தை வெட்டி அட்டை. தெரிந்த அட்டை அடுத்த டின்னுக்குப் போகும், மறந்த அட்டை எதில் இருந்தாலும் முதல் டின்னுக்குத் திரும்பும். முதல் டின் தினம், ரெண்டாவது ரெண்டு நாளுக்கு ஒருக்கா, கடைசி டின் மாசம் ஒருக்கா. இதை லெய்ட்னர் என்பவர் 1972லேயே ஒரு ஜெர்மன் மொழிப் புத்தகத்தில் போட்டுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது, எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஹாஸ்டலில் இருந்த இந்தோனேசியப் பையன்.

நான் சொல்ல வந்தது வேறு. நெக்கோ அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அட்டைக்குப் பின்னால் அர்த்தம் தமிழில் எழுதலாம். ஆனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதாதே தம்பி. நான் எழுதினேன், பட்டேன். நமக்கு க ஒன்று, த ஒன்று. அவனுக்கு ரெண்டு ரெண்டு. பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல், படிப்பை விட்டு நிற்பதற்கு ஒரு சொல், தமிழில் எழுதினால் ரெண்டும் "தைகாகு". முதலாவதில் த கனமாக வரும், தம்பி என்பதில் இல்லை, பந்து என்பதில் வருகிற து போல. என் அட்டையில் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? தங்கியிருந்த வீட்டுப் பெரியவரிடம் பெருமையாக "மலாயாவில் என் தம்பி தைகாகு" என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஏன் நிறுத்தினான், வீட்டில் பணக்கஷ்டமா என்று கேட்கிறார். நானும் புரியாமல் "ஹாய் ஹாய்" என்று தலையாட்டினேன். மறுநாள் அந்த அம்மா எனக்கு ரெண்டு முட்டை கூட வைத்தார்கள்.

அதனால் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்தில்தான் எழுத வேண்டும். 46 எழுத்து, 247 படித்தவனுக்கு அது ஒரு வாரம்.

ஆனால் நமக்கு ஒரு நல்லதும் உண்டு. குறில் நெடில், ஒற்று. ஒஜிசான் என்றால் மாமா வயசு ஆள், ஒஜீசான் என்றால் தாத்தா. கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால் தலை. வெள்ளைக்காரப் பசங்கள் இதில் தடுமாறுவார்கள், நம் காது சின்ன வயசிலேயே படி, பாடி, பட்டி என்று பழகிவிட்டது. காதைப் பயன்படுத்து. 180 மார்க்கில் 60 கேட்டல். மொத்தம் 90 வாங்கினாலும் கேட்டலில் 19க்குக் கீழே போனால் ஃபெயில். பஸ்ஸில் போனைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த 60 எங்கிருந்து வரும்?

---

பிறை_ஷிப்ட்காரன் | வெள்ளி, காலை 5:55

பஸ்ஸுக்கு காத்திட்டு இருக்கேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல.

நாட்டாமை அண்ணே, 97 எறக்கிட்டேன். ஹார்ட் விஷயம் சத்தியமா தெரியாது, நாலு மாசமா பொய் சொல்லியிருக்கேன். அத சரி பண்ண ஏதாவது பட்டன் இருக்கா?

நெக்கோ அக்கா, நேத்து லீச் தேடுனேன், 43 வந்துச்சு. அதுல 20க்கு மேல ஜோடி ஜோடியா இதே வகதான். உக்காந்து தமிழ் எழுதுனேன், மாறு மாத்து, சேரு சேத்து, எறங்கு எறக்குனு, எழுதும்போதே என்னமோ மாதிரி ஆயிடுச்சு, இத்தன நாள் இது எங்க போச்சுனு. இன்னொரு சந்தேகம், சட்ட, தொப்பி போடுறதுக்கு ஏகப்பட்ட சொல்லு வருதே, கிரு, ஹகு, கபுரு, அது எல்லாமே நமக்கு "போடு"தான?

பேட்டரி அங்கிள், ரெண்டு முட்டை கதைய பஸ்ல படிச்சிட்டு பக்கத்துல ஒக்காந்திருந்த ஆளு என்ன பைத்தியம்னு நெனச்சிருப்பாரு. நான் எல்லா கார்டுலயும் தமிழ்லதான் உச்சரிப்பு எழுதி வச்சிருக்கேன். இன்னிக்கே அழிக்கிறேன்.

---

நம்பர்_நாட்டாமை | வெள்ளி, காலை 8:12

அதுக்குன்னு நேரா ஒரு பட்டன் ஆப்புல இல்ல ப்ரோ. இனிமே உண்மைய அழுத்துங்க, அதுவா தேறிடும். ஒரு மாசம் கழிச்சி ஆப்டிமைஸ்னு ஒண்ணு இருக்கும், அத ஒரு தடவ தட்டுங்க. அதுக்கு மேல செட்டிங் பக்கம் போகவே போகாதீங்க.

---

நெக்கோ_அக்கா_கேஎல் | வெள்ளி, மத்தியானம் 12:50

சட்டைக்கு கிரு, இடுப்புக்குக் கீழ ஹகு, சிலுவார் (பேண்ட்), செருப்பு எல்லாம். தலைல வைக்கிறது கபுரு. எல்லாம் "போடு"னு எழுதாதீங்க தம்பி, மறுபடி அதே ஸ்டாப் ஸ்டாப் கதையாயிடும். நாமளும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திதான் சொல்றோம், சேலை கட்டுறோம், பொட்டு வைக்கிறோம், தலைப்பாகை கட்டுறோம், சட்டை மாட்டுறோம். கார்டுல வினையோட சேத்து பொருளையும் போட்டுடுங்க, "தொப்பிய தலைல மாட்டு"னு. வெறும் வினைக்கு கார்டே வேணாம்.

இன்னொண்ணு, ரெட்டைச் சொல்லு வரும்போது ஜாக்கிரத. தொகிதொகி, நெஞ்சு படபடங்குறது. கிரகிர, மினுமினு. இதெல்லாம் சொன்ன ஒடனே ஒட்டிக்கும். ஆனா அங்க சரசரனா வழுவழுனு இருக்குறது, முடிக்கு சொல்லுவாங்க, துணிக்கு சொல்லுவாங்க. நம்ம சரசர இல்ல. நான் ஒரு ஜப்பான்காரம்மா என் தலமுடிய அப்டி சொன்னப்ப தேங்கா நார்னு சொல்றாங்கனு ரெண்டு நாள் மூஞ்ச தூக்கிட்டு இருந்தேன்.

---

பழைய_பேட்டரி | வெள்ளி, ராத்திரி 9:15

போகும்போது அட்டை, வரும்போது காது. வீடு திரும்பும் பஸ்ஸில் போனைப் பையில் போட்டுவிட்டு சத்தம் மட்டும் கேள். தூங்கிப்போனால் போகட்டும்.

---

பிறை_ஷிப்ட்காரன் | ஒரு மாசம் கழிச்சி, ஞாயிறு, ராத்திரி 10:20

அப்டேட் போடுறேன்னு யாருக்கும் சொல்லல, ஆனா போடணும்னு தோணுச்சு.

1,380 தீந்துருச்சு. மூணு வாரம் இல்ல, 25 நாள் ஆச்சு, நடுவுல ரெண்டு நாள் பன்னெண்டு மணி நேர ஷிப்ட், ஒண்ணும் தொடல, மறுபடி 200 சொச்சம் ஏறி நின்னுச்சு, இந்த தடவ பயம் வரல. இப்ப தெனம் 70, 80. புது கார்டு 8. வரும்போது அங்கிள் சொன்ன மாதிரி காதுதான், பாதி நாள் பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே தூங்கிடுறேன்.

வியாழக்கெழம அந்த இஞ்சினியர் வந்தாரு. நம்ம மூணாவது லைன் மெஷின காட்டி என்னமோ கேட்டாரு, அதுல தொமெதா காதுல விழுந்துச்சு. நான் ஒடனே "ஈயெ, தொமத்தா"ன்னேன். இல்ல, நிறுத்தல, தானா நின்னுச்சுனு. அவரு கண்ணு ரெண்டும் விரிஞ்சிருச்சு! சூப்பர்வைசர் என்ன பாக்குறாரு. எனக்கு தலகால் புரியல.

அதோட நிறுத்தியிருக்கணும். அவரு சந்தோஷத்துல அடுத்த கேள்விய வேகமா கேட்டாரு, எனக்கு கேட்டது "இச்சி கரா". இச்சினா ஒண்ணு, கரானா லேர்ந்து, ஆஹா மொதல்லேர்ந்து பண்ணி காட்டச் சொல்றாருனு நான் மெஷின முழுசா ஆஃப் பண்ணி மொதல்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணிட்டேன். ஸ்க்ரீன்ல இருந்த எரர் எல்லாம் போயிடுச்சு. அவரு தலைல கை வச்சிட்டு சிரிக்கிறாரு. என்னா கேட்டாரு அக்கா?

---

நெக்கோ_அக்கா_கேஎல் | ஞாயிறு, ராத்திரி 10:41

ஐயோ தம்பி. இச்சி இல்ல, இத்சு. "இத்சு கரா." எப்பலேர்ந்துனு கேட்டிருக்காரு. எப்பலேர்ந்து நின்னு கெடக்குனு.

---

பிறை_ஷிப்ட்காரன் | ஞாயிறு, ராத்திரி 10:44

ரெண்டுக்கும் கார்டு போட்டாச்சு. சத்தத்தோட.